தேய்ந்த பின்செட்டர் பாகம்: ஒரிஜினலா, லேத் பட்டறையா, ஓரத்து லேனா?

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. பௌலிங் சென்டரின் மூன்றாம் லேனில், விழுந்த பின் கட்டைகளைத் தள்ளிவிடும் ஸ்வீப் பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது. பந்து போட்ட பையன் திரும்பி என்னைப் பார்க்கிறான், அவன் அப்பா கவுன்டரைப் பார்க்கிறார். பின்பக்கம் ஓடி, மெயினை அணைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் கட்டைவிரல் பருமனில் ஒரு புஷ், ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோக வளையம். உள்ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கிறது. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. அந்தச் சின்னப் பொருள் போனதால் அவ்வளவு பெரிய மெஷின் படுத்துவிட்டது.

எங்கள் பக்கம் பின்செட்டரை, அதாவது பின்களை அடுக்கும் இந்த மெஷினைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் திருவொற்றியூரிலிருந்தும் மாதவரத்திலிருந்தும் எனக்கு போன் வரும். கேள்வி கிட்டத்தட்ட ஒன்றேதான்: "அண்ணே, ஒரிஜினல் வரவழைக்கட்டுமா, வியாசர்பாடியில கடைஞ்சு போட்டுடலாமா, இல்ல ஓரத்து லேன்ல இருந்து கழட்டிடட்டுமா?" கையில் காசு குறைவு என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார்கள். போனில் அரைகுறையாகச் சொல்லி முடித்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

பாகத்தின் விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது போனால் கூட எதை இழுத்துக்கொண்டு போகும் என்று பாருங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்வி கேட்பேன். அவற்றில் முதல் கேள்விக்கே பாதி எடை.

இது உடைந்தால் வேறு எது உடையும்? ஒரு பெல்ட் அறுந்தால் பெல்ட் மட்டும் போகும். எது எப்போது அசைய வேண்டும் என்று நேரம் பார்த்துத் தள்ளும் கேமில் ஒரு பல் உடைந்தால், பின்களை இறக்கி வைக்கும் மேசை இறங்கும் நேரத்தில் ஸ்வீப்பும் வந்து இரண்டும் மோதும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அடுத்தது, இந்தப் பாகத்தில் முக்கியம் அளவா, வடிவமா? புஷ், ஷாஃப்ட், ரோலர் எல்லாம் அளவுதான். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் இருந்தால் எழுதி வைத்துவிடலாம். ஆனால் பின்னைப் பிடித்து நிறுத்தும் கப், கேம், பின்னைத் திருப்பிவிடும் தட்டு இவையெல்லாம் வளைவை நம்பி வேலை செய்பவை. 15 அங்குல உயரமும் ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடையும் உள்ள பின், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே சாய்வில் விழ வேண்டும். அந்த வளைவைக் கண்ணால் பார்த்து நகலெடுக்க முடியாது.

மூன்றாவது, லேன் எத்தனை நாள் மூடிக்கிடக்கும்? ஞாயிற்றுக்கிழமை ஒரு லேனில் 20 ஆட்டம், ஆட்டத்துக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அன்றைக்கு மட்டும் 4,000 ரூபாய். மூன்று ஞாயிறு போனால் 12,000. "மலிவா முடிச்சேன்" என்று சொல்லும் முன் இந்தக் கணக்கை உங்கள் சொந்த எண்ணில் போட்டுப் பாருங்கள்.

நான்காவது, வீட்டு வாசல் வரை வந்து சேரும் முழுச் செலவு. ஐந்தாவது, தப்பாகப் போனால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்பது.

## ஒரிஜினல் பாகம்

பெட்டியைப் பிரித்துப் பூட்டினால் அப்படியே உட்காரும். பொருளின் கடினம், வளைவு, துளை எல்லாம் மெஷினுக்காகவே செய்தது. கேம், கியர், பின் பிடிக்கும் கப், டிடெக்டர் பாகங்கள், எலக்ட்ரானிக் போர்டு, அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பாகங்கள் இவற்றுக்கு இதைவிட்டால் வேறு நல்ல வழி கிடையாது என்பது என் முடிவான கருத்து. இவற்றில் காசு மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள்.

விலைப்பட்டியலில் தெரியாத செலவுதான் ஆளை அசத்தும். பாகத்தின் விலை, சரக்குக் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டித்தான் சுங்கவரி போடுவார்கள். அந்த வரியையும் சேர்த்த தொகை மேல் ஐ.ஜி.எஸ்.டி. என்கிற இறக்குமதி ஜி.எஸ்.டி. வியாபாரத்துக்காக வரவழைக்கிறீர்கள் என்றால் ஐ.இ.சி. என்கிற இறக்குமதி-ஏற்றுமதி எண் வேண்டும். கிளியரிங் ஏஜென்ட் கட்டணம் தனி. பொருள் சின்னதாக இருந்தால் பல நேரம் கூரியர் கட்டணமே அதன் விலையைத் தாண்டிவிடும். ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள், அது சரிதான். ஆனால் நீங்கள் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் ஜி.எஸ்.டி. முறையில் இருந்தால் அந்த வழி இல்லை. ஆர்டர் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பொறி மின்சாரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அங்கே ஓடிய மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும். அதைச் சரிக்கட்டத்தான் 50 ஹெர்ட்ஸ் மெஷினுக்கு வேறு அளவு புல்லி வருகிறது. பாக எண்ணைப் பாதி பார்த்துவிட்டு 60 ஹெர்ட்ஸ் புல்லியை வரவழைத்தால் பூட்டும்போது அது அழகாகப் பொருந்தும். ஆனால் பின்களை மேலே தூக்கும் எலிவேட்டர் சோம்பலாகச் சுற்றும், பின் வந்து சேராது. கோளாறு எங்கே என்று ஒரு வாரம் தேடுவீர்கள்.

ஒரிஜினலுக்குப் போவதென்றால் ஒற்றைப் பாகத்துக்குப் போகாதீர்கள். வருஷத்துக்கு இரண்டு முறை பட்டியல் போட்டு, முடிந்தால் பக்கத்து ஊர் சென்டர் இரண்டு மூன்றோடு சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழையுங்கள்.

## லேத் பட்டறை

இந்த மெஷின்களின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1946-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஏ.எம்.எஃப். நிறுவனம் பின்னைத் தானாக அடுக்கும் இயந்திரத்தை மக்கள் முன் ஓட்டிக் காட்டியது. அதுவரை குழியில் ஒரு பையன் உட்கார்ந்து கையால்தான் அடுக்கிக்கொண்டிருந்தான். 1950-களில் பிரன்ஸ்விக்கும் களத்தில் இறங்கியது. இன்றும் பல இடங்களில் ஓடுகிற பழைய மாடல்கள் அந்தத் தலைமுறையின் வாரிசுகள். செயின், பெல்ட், கேம், ஸ்பிரிங், கியர் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு அகப்படுகிற எந்திரவியல்.

அதனால்தான் வடசென்னையில் பின்செட்டர் வைத்திருப்பவர் கொடுத்து வைத்தவர் என்பேன். பெரம்பூர் ரயில் பட்டறையும், 1955-ல் வந்த ஐ.சி.எஃப்.பும், காசிமேட்டுப் படகு இன்ஜின்களும் வளர்த்த டர்னர்கள் இங்கே இருக்கிறார்கள். பௌலிங் என்றால் என்னவென்று தெரியாத மாஸ்டர், பாகத்தைக் கையில் வாங்கி இரண்டு தரம் உருட்டிவிட்டு, "இது எந்தப் பக்கம் லோடு வாங்குதுன்னு தேய்மானத்துல தெரியுது பாரு தம்பி" என்று காட்டுவார்.

புஷ், ஷாஃப்ட், ஸ்பேசர், ரோலர், சாதாரண பிராக்கெட் ஆகியவற்றுக்கு லேத்தான் சரி. காலையில் கொடுத்தால் சாயங்காலம் கைக்கு வரும். ஆனால் இங்கே நாம் செய்யும் தப்புகள் மூன்று.

பழைய புஷ்ஷைக் காட்டி "இதே மாதிரி போடுங்க" என்று சொல்வது முதல் தப்பு. தேய்ந்த பொருளை நகலெடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் நகலெடுப்பார்கள். ஷாஃப்ட்டில் புஷ் உட்காராத, தேயாத பகுதியை அளக்க வேண்டும். புஷ் போய் உட்காரும் ஹவுசிங்கை அளக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணிலிருந்துதான் புது புஷ் பிறக்கிறது. முக்கால் அங்குல ஷாஃப்ட் என்றால் பாயின்ட் ஜீரோ ஃபைவ் மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டால் போதும். பிரஸ் பண்ணி ஏற்றியதும் உள்துளை கொஞ்சம் சுருங்கும். அதனால் ஏற்றிய பிறகு துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் போடச் சொல்லுங்கள், முன்னால் அல்ல.

அங்குலத்தை மறப்பது இரண்டாவது. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். "19 தானே" என்று கடைந்தால் ஷாஃப்ட் நுழையாது, "20 போட்டுக்கலாம்" என்றால் 0.95 மில்லிமீட்டர் ஆடும். மரையிலும் இதே கதைதான். அரை அங்குல அமெரிக்க மரைக்கு அங்குலத்துக்கு 13 சுற்று, நம்மூர்க் கடையில் கிடைக்கும் அரை அங்குல விட்வொர்த் என்கிற பிரிட்டிஷ் மரைக்கு 12. முதல் இரண்டு சுற்று கையாலேயே ஏறும். அதற்கு மேல் ஸ்பேனர் போட்டால் வார்ப்பில் இருக்கிற மரை செத்துவிடும்.

மூன்றாவதில் நானே அடிபட்டிருக்கிறேன். சில வருஷம் முன்பு ஒரு புஷ் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேய்கிறதே என்று, வெண்கலத்துக்குப் பதில் ஹார்டனிங் பண்ணிய ஸ்டீலில் போட்டுவிட்டேன். புஷ் தேயவே இல்லை. அதற்குப் பதில் ஷாஃப்ட் தேய்ந்தது. விரல் நகத்தை ஓட்டினால் பள்ளத்தில் மாட்டும் அளவுக்குத் தின்றுவிட்டது. அந்த ஷாஃப்ட்டைக் கழற்ற மேசையையே இறக்க வேண்டியிருந்தது. பதினொரு நாள் லேன் மூடிக்கிடந்தது. புஷ்ஷை மிருதுவான உலோகத்தில் செய்திருப்பதே, அது தேய்ந்து ஷாஃப்ட்டைக் காப்பாற்றட்டும் என்றுதான். வெண்கல வகைகளான கன்மெட்டலோ பாஸ்பர் பிரான்ஸோ கேளுங்கள், எண்ணெய்த் துளையும் காடியும் போடச் சொல்லுங்கள். எங்காவது அதிகச் சுமைக்கு வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச், ஒடிவதற்கென்றே வைத்த ஷியர் பின் இருந்தால் அதையும் "பலமாக" மாற்றிவிடாதீர்கள். அது ஒடியாவிட்டால் கியர்பாக்ஸ் ஒடியும்.

பிளாஸ்டிக் புஷ் கடைவதாக இருந்தால் நைலான் ராடு வேண்டாம், டெல்ரின் வாங்குங்கள். நைலான் ஈரத்தைக் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் சரியாகச் சுற்றியது ஐப்பசி மழையில் ஷாஃப்ட்டைக் கவ்விக்கொள்ளும். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் மாதிரி கடல் ஓரத்தில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம்.

லேத்தின் மறைமுகச் செலவு உங்கள் நேரம். அளப்பது, எழுதுவது, கொண்டுபோவது, சரி பார்ப்பது என்று ஒரு நாள் போகும். செட்டிங் கூலி ஒன்றுக்கும் நான்குக்கும் ஏறக்குறைய அதேதான், எனவே நான்காகப் போட்டுக்கொள்ளுங்கள். வரைந்த தாளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தரம் பாதி வேலை குறையும்.

## பாரிமுனைச் சரக்கு

பின்செட்டருக்குள் இருக்கிற பல பாகங்கள் பின்செட்டருக்கென்றே செய்தவை அல்ல. பேரிங், வி-பெல்ட், செயின், சர்கிளிப், மைக்ரோ ஸ்விட்ச் எல்லாம் பொதுச் சரக்கு. பாரிமுனையில் பிராட்வே, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் அரை நாள் நடந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். இவற்றுக்கு ஒரிஜினல் பெட்டிக்காகக் காத்திருப்பது வீண்.

கவனிக்க வேண்டியது செயின். அமெரிக்க 40 நம்பர் செயினும் இங்கே பரவலாகக் கிடைக்கும் 08பி செயினும் இரண்டுமே அரை அங்குல பிட்ச், அதாவது ரோலருக்கு ரோலர் அதே தூரம். கடையில் பக்கத்தில் வைத்தால் ஒன்று போலவே இருக்கும். ஆனால் ரோலர் விட்டம் 40 நம்பரில் 7.92 மில்லிமீட்டர், 08பி-யில் 8.51. தடித்த ரோலர் பல்லின் அடி வரை உட்காராமல் மேலேறி நிற்கும். கொஞ்ச நாளில் ஸ்பிராக்கெட் கூர்மையாகிவிடும். பைக் செயின் போட்டு ஓட்டலாம் என்கிற யோசனையும் இதே காரணத்தால் வேண்டாம். பேரிங்கில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், போலிச் சரக்கும் புழங்குவதால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். 6204 என்றால் உள்விட்டம் 20 மில்லிமீட்டர். உங்கள் ஷாஃப்ட் முக்கால் அங்குலமாக இருந்தால் அதற்கு அங்குல பேரிங்தான் வேண்டும், நடுவில் தகடு சுற்றி ஏற்றுவது வேலைக்கு ஆகாது. இரட்டைப் பெல்ட் ஓடும் இடத்தில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஸ்பிரிங் நடுவில் நிற்கிற சமாசாரம். சுருட்டிக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு, ஆனால் நீண்டு தளர்ந்த பழையதை மாதிரியாகக் கொடுத்தால் தளர்ந்த ஸ்பிரிங்தான் திரும்பி வரும். நல்ல நிலையில் ஓடுகிற வேறு லேனிலிருந்து ஒன்றைக் கழற்றி, கம்பித் தடிமன், சுற்று எண்ணிக்கை, சும்மா இருக்கும்போது நீளம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். உப்புக் காற்றுக்குத் துத்தநாகப் பூச்சு கேளுங்கள்.

## ஓரத்து லேனும் பழைய மெஷினும்

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கேம் உடைந்தால், பத்து நிமிஷத்தில் கிடைக்கும் ஒரிஜினல் பாகம் நாலாவது லேனில் இருக்கிறது. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஒரு முறை செய்யலாம். ஆனால் கழற்றிய இடத்தில் சிவப்பு நாடா கட்டி, நோட்டில் தேதி எழுதி, அன்றைக்கே புதியதற்கு ஆர்டர் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஒரு மோட்டார், அதற்கடுத்து ஒரு ஸ்விட்ச் என்று ஆறு மாதத்தில் அந்த லேன் எலும்புக்கூடாகிவிடும். அதை மறுபடி எழுப்ப ஆகும் செலவு, இடையில் நீங்கள் மிச்சம் பிடித்த எல்லாவற்றையும் விழுங்கும்.

மற்றொன்று, பந்து திரும்பி வரும் வழி பெரும்பாலும் இரண்டு லேனுக்குப் பொதுவானது. அந்தப் பொதுப் பகுதியில் கை வைத்தால் பக்கத்து லேனும் படுக்கும்.

மூடப்பட்ட சென்டரின் மெஷினை முழுதாக வாங்குவது வேறு விஷயம். அதே மாடல், உள்நாட்டிலேயே, லாரியில் வந்துவிடும் தூரத்தில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அச்சுப் பிளாஸ்டிக் தவிர கியர், கேம், வார்ப்பு எல்லாம் உங்கள் கிடங்குக்கு வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து என்றால் சார்ட்டர்டு இன்ஜினியர் மதிப்பீடு முதல் ஃபோர்க்லிஃப்ட் வாடகை வரை எண்ணிப் பாருங்கள். வைக்க இடம் வேண்டும். வாடகை இடத்தில் இருப்பவருக்கு ஒரு மெஷின் அடைக்கிற சதுர அடிக்கும் மாதாமாதம் காசு.

## வெல்டிங்கும் கயிறு மெஷினும்

பிராக்கெட்டில் விரிசல் விட்டால் வெல்டிங் போடலாம். பொருள் என்னவென்று முதலில் பாருங்கள். அலுமினிய வார்ப்புக்கு ஆர்கான் வெல்டிங், வார்ப்பிரும்புக்குச் சூடேற்றிப் பித்தளை வெல்டிங். சுற்றுகிற ஷாஃப்ட்டில் வெல்டிங் மேடு ஏற்றிக் கடைவதை நான் விரும்புவதில்லை. வளையும், அல்லது வெல்டிங் முடிகிற விளிம்பில் விரிசல் விடும். புது ஷாஃப்ட் இ.என்.8 ஸ்டீல் ராடில் கடைந்தாலே பெரிய செலவில்லை.

பின்னுக்குத் தலையில் கயிறு கட்டிய மெஷினுக்கு மாறிவிடலாமா என்றும் கேட்கிறார்கள். பாகம் குறைவு, கரன்ட் குறைவு, பராமரிப்பு எளிது. அமெரிக்க பௌலிங் சங்கம் 2023-ல் அதைத் தனி வகையாக அங்கீகரித்தது. ஆனால் பின் விழும் விதம் மாறும், பழகிய ஆட்டக்காரர்களுக்கு அது தெரியும். குழந்தைகளும் பிறந்தநாள் கூட்டமும்தான் உங்கள் வாடிக்கை என்றால், பழைய மெஷினில் கியர்பாக்ஸ் அளவுக்குப் பெரிய வேலை வரும்போது இதை யோசிக்கலாம். புஷ் தேய்ந்ததற்காக அல்ல.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு ஏற்றது | கைக்கு வர | மறைந்திருக்கும் செலவு | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|---|
| ஒரிஜினல் | கேம், கியர், பின் கப், போர்டு | வாரக்கணக்கில் | வரி, கூரியர், ஏஜென்ட் | பேரிங், பெல்ட், சாதா புஷ் |
| லேத் | புஷ், ஷாஃப்ட், ரோலர், ஸ்பேசர் | ஒன்றிரண்டு நாள் | அளக்கும் நேரம், தப்பான உலோகம் | வளைவை நம்பும் பாகம் |
| பாரிமுனை | பேரிங், பெல்ட், செயின், ஸ்விட்ச் | அரை நாள் | அங்குலம்-மில்லிமீட்டர் குழப்பம், போலி | எண் தெரியாத பாகம் |
| ஓரத்து லேன் | ஞாயிற்றுக்கிழமை அவசரம் | நிமிஷத்தில் | ஒரு லேன் மெல்ல அழியும் | திரும்ப வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் |
| வெல்டிங் | அசையாத பிராக்கெட் | ஒரு நாள் | வளைவு, மறு விரிசல் | சுற்றும் ஷாஃப்ட் |

## போன வாரம் வந்த போன்

திருவொற்றியூர் பக்கம் நான்கு லேன் நடத்துகிற ஒரு தம்பி போன வாரம் கேட்டது இது: ஸ்வீப் புஷ் இரண்டு தேய்ந்துவிட்டது, பின் கப் மூன்றில் விரிசல் விட்டிருக்கிறது, எலிவேட்டர் பக்கத்து பேரிங் கத்துகிறது. கையில் இருக்கிற பணம் இந்த மாதம் ஒன்றுக்குத்தான் போதும், எதை முதலில் செய்வது?

பேரிங்கை முதலில் செய்யச் சொன்னேன். செலவு குறைவு, பாரிமுனையில் அன்றைக்கே கிடைக்கும். கத்துகிற பேரிங் ஒருநாள் பிடித்துக்கொண்டால் ஷாஃப்ட்டையும் ஹவுசிங்கையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அடுத்து புஷ், லேத்தில் நான்காக, கன்மெட்டலில். கப் ஒரிஜினல்தான். ஆனால் மூன்று கப்பும் ஒரே லேனில் இல்லை. விரிசல் விட்ட மூன்றையும் ஓரத்து லேனுக்கு மாற்றி, அந்த லேனை வார நாளில் மட்டும் மூடி வைத்துவிட்டு, மாதவரத்துக்காரரோடு சேர்ந்து ஒரே பெட்டியாக ஆர்டர் போடச் சொல்லியிருக்கிறேன். சனி ஞாயிறு அந்த லேன் ஓடும்போது ஆள் ஒருவர் பின்பக்கம் கண் வைத்திருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்கும் மெயின் அணைக்காமல், பிளக்கைப் பிடுங்காமல் மெஷினுக்குள் கை விடக் கூடாது, அணைத்ததும் "உள்ளே ஆள் இருக்கு" என்று ஸ்விட்சில் அட்டை தொங்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான்.

இன்று காலை மறுபடி போன் பண்ணினான். பேரிங் எண் படிக்க முடியாமல் துருப்பிடித்திருக்கிறதாம். கழற்றி, டீசலில் ஊறப்போட்டு, உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உள்விட்டம் 19.05 என்று வந்தால் அங்குல பேரிங், 20 என்று வந்தால் மெட்ரிக். சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.